54 முட்டை, 27 தட்டு: ஞாயிறு பிரன்ச் கைகூடிய விதம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையில் காலையும் மதியமும் சேர்ந்த பிரன்ச் சாப்பாடு 27 தட்டுகள் விற்றன. தட்டுக்கு இரண்டு வீதம் 54 முட்டைகள் வேண்டும், உடைத்தது 57. ஐந்து வாரங்களுக்கு முன்பு, தொடங்கிய முதல் ஞாயிறன்று, 9 தட்டுகளுக்கு 31 முட்டைகளை உடைத்தோம். இடையில் நடந்ததை மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு தட்டு முட்டையாவது மிஞ்சினால் நல்லது.

திருவான்மியூரில் நானும் தங்கையும் சேர்ந்து நடத்தும் சின்ன கஃபே இது. இருபது பேர் உட்காரலாம். சமையலறை பத்தடிக்கு எட்டடி. வார நாட்களில் காபி, சாண்ட்விச். மாலையில் அடை, தோசை. தோசைக்கல் அக்காவின் பொறுப்பு. எங்களுக்கு உறவில்லை என்றாலும் கடைக்கு வருகிற எல்லாருக்கும் அவர் அக்காதான். ஞாயிறு காலையில் கடற்கரையில் நடந்துவிட்டு வருகிறவர்கள் எட்டு மணிக்குள் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பத்தரைக்கு மேல் வருவது வேறு கூட்டம். தாமதமாக எழுந்தவர்கள், பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள், காலைப் பலகாரத்தையும் மதியச் சாப்பாட்டையும் ஒரே அமர்வில் முடித்துவிட நினைக்கிறவர்கள். பிரன்ச் என்ற சொல்லை 1895-இல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எடுத்துவைத்து, ஞாயிறன்று தாமதமாக எழுகிறவர்களுக்காகப் பரிந்து பேசினார். நம் வீடுகளில் பெயர் எதுவும் வைக்காமலேயே பதினோரு மணிக்கு இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டு வந்திருக்கிறோம். ஆகவே பசி நேரம் நமக்குப் புதிதல்ல. தட்டில் வைப்பதுதான் எங்களுக்குப் புதிதாக இருந்தது.

ஒரே ஒரு தட்டை ஒழுங்காகச் செய்வது என்று முடிவெடுத்தோம். இங்கிலீஷ் மஃபின் என்ற தட்டையான வட்ட ரொட்டியை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலும் வதக்கிய கீரை, அதன்மேல் ஓடில்லாமல் வெந்நீரில் இட்டு வேகவைத்த முட்டை, எல்லாவற்றுக்கும் மேலே, மஞ்சள்கருவும் வெண்ணெயும் சேர்த்து அடித்த ஹாலண்டேஸ் சாஸ். எக்ஸ் ஃப்ளாரன்டைன் என்பார்கள். பன்றி இறைச்சி வைக்கிற எக்ஸ் பெனடிக்ட் இதைவிடப் பெயர்பெற்றது. ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களில் பலருக்கு அது ஆகாது. கீரை எல்லாருக்கும் ஆகும்.

முதலில் மஃபின். இது அடுமனை அடுப்பில் சுடுவது அல்ல, கல்லில் சுடுவது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. மூன்றடிக்கு இரண்டடித் தோசைக்கல் ஏற்கெனவே கடையில் இருக்கிறது. அளவு இதுதான்: மைதா 500 கிராம், பால் 350 மில்லி, உருக்கிய வெண்ணெய் 30 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 10 கிராம், ஈஸ்ட் 4 கிராம். 75 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 12 வரும். ஈஸ்ட் அளவில்தான் முதல் தவறு. குளிர்நாட்டுக் குறிப்பை அப்படியே எடுத்துக்கொண்டேன். எங்கள் சமையலறையில் காலை ஏழு மணிக்கே 34 டிகிரி. மாவு நாற்பது நிமிடத்தில் இரண்டு மடங்காகி, உருட்டி வைப்பதற்குள் புளித்து, கல்லில் போட்டதும் அமுங்கிவிட்டது. இப்போது ஈஸ்டைப் பாதியாக்கி 2 கிராம் போடுகிறேன். பால் குளிர்ந்தது. சனிக்கிழமை மாலை பிசைந்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில். காலையில் மாவின் மணமே வேறாக இருக்கிறது.

மாவு தளர்வாக இருப்பதால் வளையம் இல்லாமல் ஊற்றினால் பரவிவிடும். கடைகளில் கிடைத்த வளையங்கள் தகரத்தில், வாங்கி வைத்த மறுவாரமே துரு. பக்கத்துத் தெரு லேத் பட்டறையில் 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள எவர்சில்வர் குழாயை 2.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டித் தரச் சொன்னேன். வளையம் ஒன்று 60 ரூபாய், 12 வளையங்கள். வெட்டிய ஓரத்தில் பிசிறு இருந்தது. அரத்தால் உள்ளும் புறமும் தேய்த்து, நகத்தை ஓட்டிப் பார்த்து, எதுவும் தட்டுப்படாத பிறகுதான் கல்லுக்கு எடுத்துப் போனேன். இதற்கே ஒரு மாலை போனது. எப்படியும் செய்தாக வேண்டிய வேலை; வாயில் போகும் பண்டத்தின் அருகே உலோகத் துணுக்கு இருக்கக் கூடாது.

கல்லின் சூடு அடுத்த சிக்கல். தோசைக்கான சூட்டில் போட்டால் மூன்று நிமிடத்தில் வெளியே கருகியது, உள்ளே மாவு பிசுபிசுத்தது. தூரத்திலிருந்து சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. தோசைக்குத் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும். இதற்கு ஓடக் கூடாது, விழுந்த இடத்திலேயே சுர்ரென்று வற்ற வேண்டும் என்றார். அப்படி வற்றிய இடத்தில் வெப்பமானியைக் காட்டினேன்: 165 டிகிரி. அடுத்த வாரமும் பார்த்தேன்: 162. அதற்குப் பிறகு நான் அளக்கவில்லை. கல்லின் ஓரத்தில் ஒரு பர்னர் மட்டும் எரிய, வளையத்துக்கு அடியில் கொஞ்சம் ரவை தூவி, மாவை வைத்து மூடி போட்டு எட்டு நிமிடம். திருப்பி எட்டு நிமிடம். நடுவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி 94 காட்டினால் வெந்துவிட்டது. அந்த அகச்சிவப்புக் கருவி பழகிய கறுப்பு இரும்பில் சரியாகக் காட்டுகிறது. பளபளக்கும் எவர்சில்வரில் குறைத்துக் காட்டுகிறது. அதை நம்பி ஒருமுறை வெண்ணெயைத் தீய்த்தேன்.

மஃபினைக் கத்தியால் வெட்டவே கூடாது. முள்கரண்டியைச் சுற்றிலும் குத்திக் கையால் பிரிக்க வேண்டும். வெட்டினால் முகம் மழுங்கி, சாஸ் வழுக்கி ஓடிவிடும். பிரித்தால் உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதி போலக் கண் கண்ணாக இருக்கும். வெண்ணெய் அந்தக் கண்களில்தான் இறங்குகிறது.

இனி முட்டை. நாங்கள் அதிகம் தடுமாறியது இதில்தான்.

முதல் ஞாயிறு: 30 சென்டிமீட்டர் அகலச் சட்டியில் ஐந்து லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர். வீட்டில் ஒரு முட்டைக்குச் செய்வதுபோலத் தண்ணீரைச் சுழற்றிவிட்டு நடுவில் முட்டையை இறக்கினேன். முதல் முட்டை பரவாயில்லை. இரண்டாவதை விட்டதும் சுழலில் முதல் முட்டை அடிபட்டு உடைந்தது. சுழற்றாமல் விட்டால் வெள்ளைக்கரு வலை வலையாகப் பிரிந்து, மஞ்சள்கரு மட்டும் தனியே கிடந்தது. சட்டி முழுவதும் நுரை. பதினொன்றேகால் மணிக்கு நான்கு மேசைகள் காத்திருந்தன. ஒரு தட்டு வெளியே போகப் பதினொரு நிமிடம் ஆனது. தங்கை கல்லாவை விட்டு எழுந்து ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் பொறுமையாக இருந்தார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இரண்டாம் ஞாயிறு வினிகரை மூன்று மடங்காக்கினேன். முட்டைகள் ஓரளவு கூடின, ஆனால் மேல்தோல் சொரசொரப்பாகி, கடித்தால் புளிப்பு தெரிந்தது. அன்று கடைசியில் முட்டை தீர்ந்துபோய், தங்கை தெருமுனை அண்ணாச்சி கடைக்கு ஓடி ஆறு முட்டைகள் வாங்கி வந்தாள். அந்த ஆறும் அழகாக வந்தன. உருண்டையாக, வாலில்லாமல், கோழி இட்ட வடிவத்திலேயே. வினிகரின் அளவு கடைசியில் பிடிபட்டுவிட்டது என்று நினைத்து நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு அதே அளவு வினிகர், அதே சட்டி, அதே சூடு. பழையபடி வலை. பாதி நேரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் எண்ணெய் தடவி, முட்டையை ஊற்றி முடிச்சுப் போட்டு வேகவைக்கும் முறைக்குத் தாவினேன். வடிவம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் பிரித்தெடுக்க முக்கால் நிமிடம் ஆயிற்று. கொதிநீரில் பிளாஸ்டிக்கைப் போட்டுச் சமைத்து ஊராருக்குக் கொடுக்க மனமும் ஒப்பவில்லை. அன்றோடு அதை விட்டேன்.

திங்கட்கிழமை கடை விடுமுறை. நோட்டைப் புரட்டும்போது அந்த ஆறு முட்டைகள் நினைவுக்கு வந்தன. மாறியது வினிகர் இல்லையே, முட்டைதானே! நாங்கள் வழக்கமாக வெள்ளிக்கிழமை மாலை அட்டைகளை வாங்கி, அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் அடுக்கிவிடுவோம். ஞாயிறு வரை இரண்டு நாள் 36 டிகிரியில் அவை இருந்திருக்கின்றன. அண்ணாச்சியிடம் கேட்டேன். நாமக்கல் லாரி புதனும் சனியும் அதிகாலையில் வருகிறது. வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கிடைத்தது புதன்கிழமைச் சரக்கின் மிச்சம். தங்கை ஞாயிறன்று ஓடிப்போய் வாங்கியது சனிக்கிழமைச் சரக்கு.

உடனே மூன்று வகை முட்டைகளை எடுத்து மூன்று எவர்சில்வர் தட்டுகளில் உடைத்து ஊற்றினேன். அலமாரியில் ஐந்து நாள் இருந்தது ஒன்று. குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து நாள் இருந்தது ஒன்று. அண்ணாச்சி கடையில் இருந்ததிலேயே புதியது ஒன்று. முதலாவது தட்டு முழுவதும் பரவி, மஞ்சள்கரு சப்பையாக உட்கார்ந்தது. மூன்றாவதில் மஞ்சள்கரு குவிந்து நின்றது. அதைச் சுற்றிக் கெட்டியான வெள்ளை ஒரு மேடு போலவும், அதற்கு வெளியே மெல்லிய நீர்த்த வெள்ளை ஒரு குட்டை போலவும் இரண்டு அடுக்காகத் தெரிந்தது. பிள்ளைகளின் அளவுகோலைக் கழுவி அந்த மேட்டின் ஓரத்தில் நிறுத்தினேன். அலமாரி முட்டை 3 மில்லிமீட்டர், பெட்டி முட்டை 5, புதியது 7. முட்டைத் தொழிலில் தரம் பார்ப்பதும் இந்த உயரத்தை வைத்துத்தான். 1937 முதல் அதற்கு ஹா அலகு என்று ஓர் அளவே இருக்கிறது. முட்டை பழையதாக ஆக ஓட்டின் துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி, கெட்டி வெள்ளை இளகிவிடுகிறது. வெப்பம் அதை வேகப்படுத்துகிறது. தண்ணீரில் வலை பின்னியது அந்த இளகிய வெள்ளைதான்.

அண்ணாச்சியிடம் பேசி முடித்தேன். சனிக்கிழமை அதிகாலை வருகிற சரக்கில் இரண்டு அட்டைகளை ஒதுக்கி வைப்பார். ஏழு மணிக்குள் நாங்கள் எடுத்துவந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். 30 முட்டை அட்டைக்கு 210 ரூபாய் ஆகிறது. பழைய சரக்கு முதலில் போக வேண்டும் என்பது கடைக்காரருக்கு நியாயம். அதனால் எங்களுக்காக அவர் முறை மாற்றியதற்கு நன்றியாக, சாண்ட்விச்சுக்கும் ஆம்லெட்டுக்கும் வேண்டிய முட்டைகளைப் பழைய சரக்கிலிருந்தே வாங்கிக்கொள்கிறோம். ஆம்லெட்டுக்கு 3 மில்லிமீட்டர் போதும்.

புதிய முட்டையிலும் அந்த நீர்த்த வெள்ளை கொஞ்சம் இருக்கிறது. அதை முன்பே வடித்துவிட்டால் என்ன என்று டீ வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தேன். கண் மிகச் சிறியது. கெட்டி வெள்ளையும் ஒட்டிக்கொண்டு, கவிழ்க்கும்போது மஞ்சள்கரு கிழிந்தது. அக்கா உள்ளே போய்ப் பூந்திக்கரண்டியை எடுத்து வந்தார். சரியான கருவி அதுதான். கிண்ணத்தில் உடைத்த முட்டையைப் பூந்திக்கரண்டியில் சரித்து, மெதுவாக ஒரு வட்டம் அசைத்தால், நீர்த்த வெள்ளை கண்கள் வழியே நூல் நூலாக இறங்கிச் சொட்டுகிறது. பத்து விநாடியில் நின்றுவிடும். மிஞ்சுவது கரண்டியின் குழிவில் கண்ணாடிபோல் குவிந்து நிற்கும் கெட்டி வெள்ளையும் நடுவில் மஞ்சளும். கரண்டியின் விளிம்பைத் தண்ணீரில் தொட்டுச் சரித்தால் வழுக்கிக்கொண்டு இறங்கி, அடியில் போய் உட்கார்ந்து, அரை நிமிடத்தில் வெளுக்கத் தொடங்குகிறது. தராசில் வைத்துப் பார்த்தேன்: முட்டைக்கு 5 முதல் 8 கிராம் வடிகிறது. வினிகர் இப்போது ஐந்து லிட்டருக்கு ஒரே ஒரு மேசைக்கரண்டி. அதையும் விட்டுவிடலாம், பழக்கத்தால் ஊற்றுகிறேன்.

சூடு: தண்ணீர் கொதிக்கவே கூடாது. 88 டிகிரியில் தொடங்கி ஆறு முட்டைகளை அடுத்தடுத்து இறக்கினால் 80-க்கு விழுந்து, மெல்ல 85-க்கு ஏறுகிறது. கடைசி முட்டை இறங்கியதிலிருந்து மூன்று நிமிடம் 15 விநாடி. எடுத்தவுடன் ஐஸ் தண்ணீர்.

அந்த ஐஸ் தண்ணீர்தான் பதினோரு மணி நெரிசலைத் தீர்த்தது. கேட்ட பிறகு முட்டையை வேகவைக்கும் வழக்கத்தை நான்காம் ஞாயிறோடு நிறுத்தினோம். இப்போது காலை ஏழே முக்காலுக்குத் தொடங்கி, ஆறு ஆறாக வேகவைத்து, எட்டரைக்குள் எல்லாவற்றையும் ஐஸ் தண்ணீரில் இறக்கி, டப்பாக்களில் தண்ணீரோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். தட்டு கேட்டதும் 60 டிகிரி வெந்நீரில் இரண்டரை நிமிடம். மஞ்சள்கரு இறுகுவது 65-க்கு மேல்தான் என்பதால் உள்ளே குழம்புபோலவே இருக்கிறது. அன்று வேகவைத்தது அன்றே தீர வேண்டும், மறுநாளைக்கு வைப்பதில்லை. கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், வயதானவர்கள் என்றால் முழுக்க வெந்த முட்டை வைத்துத் தருகிறோம், சாஸ் இல்லாமல். இதைத் தங்கை கேட்டுத்தான் குறிப்பு எடுப்பாள்.

கீரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலக்கை வதக்கி அப்படியே வைத்தால் மஃபின் ஊறிப்போகிறது. வதக்கியதும் துணியில் கட்டிப் பிழிந்துவிட வேண்டும். ஒரு கிலோ ஆய்ந்த கீரை பிழிந்த பிறகு எங்களுக்கு 400 கிராம் வருகிறது. பிழிந்த சாற்றை அக்கா மாலை அடை மாவில் ஊற்றிக்கொள்கிறார்.

நான்காம் ஞாயிறு முட்டைகள் அருமையாக வந்தன, சாஸ் கைவிட்டது. ஹாலண்டேஸ் என்பது மஞ்சள்கருவும் உருகிய வெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்து நிற்கும் ஒரு கலவை. 4 மஞ்சள்கரு, 250 கிராம் வெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. எட்டுத் தட்டுகளுக்கும் கொஞ்சம் அதிகமாக வரும். முதல் தவறு வெண்ணெயில். பக்கத்துக் கடையில் உப்பு போட்டதுதான் கிடைத்தது. சாஸ் வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. உப்பில்லாதது வாங்க அடையாறு வரை போக வேண்டியிருக்கிறது. அடுத்து, வெண்ணெயை உருக்கித் தெளிய வைப்பதற்குப் பதில் அக்கா பழக்கத்தில் நெய்யாகவே காய்ச்சிவிட்டார். சாஸ் நன்றாகச் சேர்ந்தது. பொங்கல் மணம் வந்தது. இரண்டு மேசையில் அதைப் பாராட்டினார்கள். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் முட்டையின் சுவை அடியில் அமுங்கிவிட்டதால் தொடரவில்லை. இப்போது வெண்ணெயை உருக்கி, நுரை அடங்கியதும், நிறம் மாறுவதற்கு முன்பே இறக்கித் தெளிந்ததை மட்டும் ஊற்றிக்கொள்கிறேன்.

கொதிநீர்ச் சட்டியின் மேல் கிண்ணத்தை வைத்து மஞ்சள்கருவை அடிக்கும்போது கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. எனக்குத் தொட்டது, மஞ்சள்கரு பொடிமாஸ் ஆனது. அடுத்த முறை சூட்டுக்குப் பயந்து 50 டிகிரியிலேயே வெண்ணெயை ஊற்றினேன். சாஸ் தண்ணீராகவே நின்றது. அது சாப்பிடுவதற்கும் பாதுகாப்பில்லை. குத்தும் வெப்பமானியைக் கிண்ணத்திலேயே வைத்துக்கொண்டு, கை நிற்காமல் அடித்து 66 டிகிரி வரை கொண்டுபோக வேண்டும். அந்த நேரத்தில் கம்பி மத்து போகிற வழி கிண்ணத்தின் அடியில் ஒரு நொடி தெரிந்து மறையும். அப்போது இறக்கி, 60 டிகிரி அளவில் இருக்கும் வெண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாகவும் பிறகு நூலாகவும் விட வேண்டும். இதில் அவசரம் ஆகாது. 250 கிராம் வெண்ணெய்க்கு எனக்கு ஆறு நிமிடம் ஆகிறது.

செய்து முடித்த சாஸைப் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எப்படிக் காப்பது? அடுப்போரத்தில் வைத்தேன், திரிந்தது. மேசையில் வைத்தேன், இறுகியது. திரிந்ததை மீட்கலாம்: சுத்தமான கிண்ணத்தில் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு, திரிந்த சாஸைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் அடித்துச் சேர்த்தால் மறுபடி கூடிவிடும். நெரிசல் நேரத்தில் அதற்கு இரண்டு கை போதாது. தங்கைதான் கல்யாண வீடுகளில் காபி கொண்டுபோகும் ஃபிளாஸ்க்கை நினைவூட்டினாள். வாய் அகன்ற ஒரு லிட்டர் எவர்சில்வர் ஃபிளாஸ்க், 1,100 ரூபாய். கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, சாஸை ஊற்றி மூடினோம். 61 டிகிரியில் ஊற்றியது ஒன்றரை மணி நேரம் கழித்து 55. அத்தனை நேரமும் ஒரு திரிதல் இல்லை! ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் கொட்டிவிடுகிறோம். கொட்டும்போது மனம் சங்கடப்படுகிறது. ஆனாலும் வெந்தும் வேகாத மஞ்சள்கருவோடு துணிந்து விளையாடக் கூடாது. அதனால் ஒரே தடவையாகச் செய்யாமல் பத்தரைக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, பதினொன்றே முக்காலுக்கு ஒன்று என மூன்று முறை செய்கிறேன்.

ஐந்தாம் ஞாயிறு எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தோம். 19 தட்டுகள். ஒரு புதிய குறை தெரிந்தது: வெந்நீரிலிருந்து எடுத்த முட்டையின் மடிப்புகளில் தண்ணீர் தங்கி, தட்டில் வைத்த பிறகு வடிந்து, சாஸை நீர்க்கச் செய்தது. பூந்திக்கரண்டியில் எடுத்து, நான்காக மடித்த பருத்தித் துணியில் கரண்டியோடு ஐந்து விநாடி அழுத்திவைத்தால் போதும். அதன்பிறகு சாஸ் ஊற்றினால் முட்டையின் மேல் போர்வைபோல் நின்று, விளிம்பில் மட்டும் மெல்ல இறங்குகிறது. முள்கரண்டி பட்டதும் மஞ்சள் உடைந்து, சாஸைக் கடந்து, கீரைக்குள் இறங்கி, மஃபினின் கண்களில் நிற்க வேண்டும். அன்று மூன்றாம் மேசையில் ஒரு பெரியவர் கடைசித் துண்டு மஃபினால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். சமையலறைக் கதவிடுக்கு வழியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆறாம் ஞாயிறு ஒரு தட்டுக்கு நான்கு நிமிடம். முட்டை வெந்நீரில் இறங்கியதும் மஃபின் கல்லில் ஒரு நிமிடம் முகம் கீழாக, கீரை இருபது விநாடி, துணி, சாஸ், மிளகு. அக்கா கல்லில், நான் வெந்நீரில், தங்கை வெளியே. ஒருவரையொருவர் இடிக்காமல் மூன்று பேரும் நிற்க, ஐஸ் பெட்டியைக் கதவுக்கு வெளியே தள்ள வேண்டியிருந்தது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். குத்தும் வெப்பமானி 650, அகச்சிவப்பு வெப்பமானி 1,400, வளையங்கள் 720, பூந்திக்கரண்டி இரண்டு 280, ஃபிளாஸ்க் 1,100. மொத்தம் 4,150 ரூபாய். தட்டுக்கு: முட்டை 14, சாஸ் 23, மஃபின் 8, கீரை 9, எலுமிச்சை, மிளகு முதலியவை 4, ஆக 58 ரூபாய். கூலி, வாடகை, எரிவாயு, ஐஸ் இதில் இல்லை. விலை 240 வைத்திருக்கிறோம். முதல் மூன்று வாரம் வீணான முட்டையையும் வெண்ணெயையும் கணக்கில் சேர்த்தால் முதல் நான்கு ஞாயிறுகள் நட்டம்தான்.

மறுபடி தொடங்கினால் அகச்சிவப்பு வெப்பமானியை வாங்க மாட்டேன். அக்கா இருக்கும்போது அது தேவையில்லை. குத்தும் வெப்பமானி இல்லாமல் தொடங்கவே மாட்டேன். முட்டையை வேகவைக்கக் கற்பதற்கு முன் உடைத்துத் தட்டில் ஊற்றி அளவுகோல் வைத்துப் பார்ப்பேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். இரண்டாம் ஞாயிறு முட்டை மாறியதைக் கவனிக்காமல் வினிகரைப் புகழ்ந்ததால் ஒரு வாரம் போனது. வெந்நீரை 60-இல் நிறுத்த இண்டக்‌ஷன் அடுப்போடு இன்னும் போராடுகிறேன். 58-க்கும் 64-க்கும் நடுவே ஊசலாடுகிறது. பெரிய பாத்திரத்தில் அதிகத் தண்ணீர் வைத்தால் ஊசல் குறையும் என்று தோன்றுகிறது. அடுத்த ஞாயிறு பத்து லிட்டர் அடுக்கில் பார்க்கப் போகிறேன்.

சாஸுக்குப் போன மஞ்சள்கரு போக, வாரம் 12 வெள்ளைக்கரு மிஞ்சுகிறது. ஊருக்குப் போனபோதெல்லாம் வாங்கிவரும் தூத்துக்குடி மக்ரூன் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும்தான் என்பதால் நேற்று ஒரு தட்டு முயன்றேன். 4 வெள்ளைக்கரு, 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் முந்திரி, 110 டிகிரி, ஒன்றரை மணி நேரம். வெளியே மொறுமொறுப்பு வந்தது. உள்ளே பல்லில் ஒட்டியது. முந்திரியை மிக்சியில் அதிகம் ஓட்டியதால் எண்ணெய் விட்டுவிட்டது என்கிறார் அக்கா. நாளை கத்தியால் கொத்திப் பார்க்கிறோம். மீதி எட்டு வெள்ளைக்கரு தேதி எழுதிய டப்பாவில் இருக்கிறது.